குருதிச்சோகையும் இரும்புக் குளிசையும்

கமத்தொழிலுக்கு நிலம், நீர், விதை, பசளை ஆகியன இன்றியமையாதன என்பதை யாவரும் அறிவர். இவற்றை ஒன்றுசேர்த்துப் பயனாக்குவது கமக்காரரதும் அவர் குடும்பத்தாரதும் உடலுழைப்பேயாகும். நிலத்தின் வளம் குன்றினால் பயிரைப் பார்த்து அறிந்து, ஏற்ற பசளையை இடுகின்றோம். உழைப்போரின் குருதியில் வளம் குன்றும்போதோ அதனை உணர்வோர் மிகச் சிலரே. நாற்று நடுகையில் அடிக்கடி வரம்பில் அமர்ந்துவிடும் பெண்ணைச் சோம்பலுடையவள் என்கிறோம். நீர் சுமக்கும்போது மூச்சு வாங்கும் ஆடவருக்கு வயது போய்விட்டது என்கிறோம். பாடத்தில் மனம் பதியாத பிள்ளையை மந்தபுத்தியுடையது என்கிறோம். இவர்களுட் பலருக்கு உண்மையில் உள்ளது குருதிச்சோகையாக இருக்கலாம்.

குருதிச்சோகையின் பல வகைகளுள் இரும்புச்சத்துக் குறைவால் உண்டாவதே மிகவும் பரந்து காணப்படுவது. இது பெரும்பாலும் மாற்றத்தக்கது. இதற்குரிய குளிசைகள் அரசினர் வைத்தியசாலைகளிலும் தாய் சேய் நல நிலையங்களிலும் இலவசமாக வழங்கப்படுகின்றன. எனினும், குளிசை வீட்டுக்கு வந்தும் நோய் மாறாத குடும்பங்கள் உள. குளிசையை உரிய முறையில் உண்ணாமை, சற்றுச் சுகம் கண்டதும் நிறுத்திவிடுதல், இரும்பு வெளியேறும் வழியை அடைக்காது விடுதல் என்னும் மூன்றுமே அதற்குரிய முக்கிய காரணங்களாகும். அவற்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

குருதியில் இரும்பின் பணி

குருதிக்குச் செந்நிறம் தருவன அதிலுள்ள செங்குழியங்கள். அவற்றினுள்ளே ஈமோகுளோபின் என்னும் பொருள் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பற்றி, உடலின் எல்லா உறுப்புகளுக்கும் கொண்டு சேர்ப்பது ஈமோகுளோபினே. இதனை ஆக்குவதற்கு இரும்பு வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள இரும்பு முழுவதும் 3 முதல் 4 கிராம் வரையே ஆகும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குருதியில் உள்ளது. எஞ்சியதிற் பெரும்பகுதி ஈரல் முதலிய உறுப்புகளிற் சேமிப்பாக வைக்கப்பட்டிருக்கின்றது.

இச்சேமிப்பைக் குளத்து நீருக்கும், குருதியிலுள்ள இரும்பை வாய்க்கால் நீருக்கும் ஒப்பிடலாம். மழை குறைந்தவுடன் வாய்க்கால் வற்றுவதில்லை. முதலிற் குளத்தின் நீர்மட்டம் தாழ்கின்றது. குளம் ஏறக்குறைய வெறுமையான பின்னரே வாய்க்காலில் நீர் குறைகின்றது. அதுபோலவே, ஒருவரிடத்திற் குருதிச்சோகை வெளிப்படும்போது அவர் உடலின் இரும்புச் சேமிப்பு முன்னரே தீர்ந்துபோயிருக்கும். மருந்து உண்ணும்போது முதலில் வாய்க்கால் நிரம்பும். குளம் நிரம்புவது அதன் பின்னரேயாகும். இதனை நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

அறிகுறிகள்

கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தால் அதன் உட்புறம் வெளிறியிருக்கும். நாக்கு, நகம், உள்ளங்கை ஆகியனவும் வெளிறும். சிறு வேலைக்கும் களைப்பு, நெஞ்சு படபடத்தல், மூச்சு வாங்குதல், எழும்போது தலைசுற்றல், தலையிடி ஆகியன உண்டாகும். நோய் முற்றினால் நகங்கள் கரண்டிபோலக் குழிவதும், கால் வீங்குவதும் உண்டு. சிலருக்கு மண், செங்கற்றுண்டு, பச்சையரிசி ஆகியவற்றைத் தின்னும் ஆசை எழும். கர்ப்பிணிகளிடத்து இதனை மசக்கையின் இயல்பென்று விட்டுவிடுதல் தவறு. இது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

கர்ப்பிணிக்கு இந்நோய் இருப்பின் பிரசவ வேளையில் ஏற்படும் குருதியிழப்பை அவள் உடல் தாங்காது. உயிருக்கே ஆபத்து நேரிடலாம். குழந்தை உரிய காலத்துக்கு முன்னர் பிறத்தலும், நிறை குறைந்து பிறத்தலும் கூடும். சிறுவரிடத்து இரும்புக் குறைவு வளர்ச்சியையும் கற்கும் ஆற்றலையும் பாதிக்கும்.

பரிசோதனையே முதலாவது

வெளிறியவர் யாவருக்கும் இரும்புக் குளிசை வாங்கிக் கொடுத்தல் முறையன்று. முதலிற் குருதியைப் பரிசோதித்தல் வேண்டும். 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் ஆடவருக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைவாயின் அது குருதிச்சோகையெனக் கொள்ளப்படும். அதன் காரணம் யாதென்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். இதற்கு நியாயங்கள் பல உள.

தலசீமியா என்னும் பரம்பரை நோயும் குருதிச்சோகையை உண்டாக்கும். இலங்கையில் இந்நோயாளர் பலர் உளர். இவர்களைப் பராமரிக்கும் தேசிய நிலையம் குருநாகலில் உள்ளது. இந்நோயில் உடலிற் பெரும்பாலும் இரும்பு மிகையாகவே தேங்கும். மேலும் இரும்பு கொடுப்பது தீங்காகும்.

வடமத்திய மாகாணத்து நெற்செய்கையாளரிடையே 1990 ஆம் ஆண்டுகளில் இனங்காணப்பட்டு, பின்னர் அயல் மாவட்டங்களிலும் காணப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோயும் குருதிச்சோகையை விளைவிக்கும். செங்குழியங்களை ஆக்கத் தூண்டும் சுரப்பு ஒன்று சிறுநீரகங்களிலிருந்தே வருகின்றது. சிறுநீரகம் பழுதடையின் அச்சுரப்புக் குறையும். அவ்விடத்துக் குளிசை மாத்திரம் பயன் தராது. ஆதலால் உலர் வலயக் கமக்காரர் ஒருவர் காரணமின்றி வெளிறிச் சோர்வாராயின், குருதியுடன் சிறுநீரையும் பரிசோதிப்பித்தல் நன்று.

ஆடவருக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறையின், உடலினுள் எங்கோ குருதி கசிகின்றதா என்று ஆராய வேண்டும். இரைப்பைப் புண், மூலம், குடற்கட்டி ஆகியன இவ்வாறு கசியச் செய்யும். இடுப்பு நோவுக்கெனக் கடையில் வாங்கி நெடுநாள் விழுங்கும் நோவுக் குளிசைகளுட் சிலவும் இரைப்பையைப் புண்ணாக்குவன. முற்காலத்தில் இந்நாட்டிற் குருதிச்சோகைக்கு மலேரியாவும் பெருங்காரணமாயிருந்தது. 2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆதலால் இன்று வேறு காரணங்களையே தேட வேண்டியுள்ளது.

இரும்பு குறைவது ஏன்?

உணவில் இரும்பு போதாமை, உண்ட இரும்பு உடலிற் சேராமை, சேர்ந்த இரும்பு வெளியேறுதல் என மூன்று காரணங்கள் உள. பெண்கள் மாதந்தோறும் குருதியுடன் இரும்பையும் இழக்கின்றனர். ஒரு கருப்பகாலம் முழுவதற்கும் வேண்டப்படும் மேலதிக இரும்பு ஏறத்தாழ 1 கிராம் ஆகும். சேமிப்பிற் பெரும்பகுதியை இதுவே தீர்த்துவிடும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மாத்திரம் இரும்புத் தேவையை நிறைவேற்றாது.

உண்ட இரும்பு சேராமை என்பதைக் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் மண்ணில் இரும்பு நிறைய இருந்தும் பயிரின் இளம் இலைகள் மஞ்சளிக்கின்றன. நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்கின்றன. வேரினாற் கவரமுடியாத நிலையில் இரும்பு மண்ணிற் கட்டுண்டு கிடப்பதே இதற்குக் காரணம். அவ்வாறே இலைக்கறியிலும் தானியத்திலும் பயறுவகையிலும் உள்ள இரும்பில் ஒரு சிறு பங்கையே குடல் கவருகின்றது. இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு அதனிலும் எளிதிற் சேரும். தேநீரும் கோப்பியும் உணவுடன் சேர்ந்தால், தாவர உணவின் இரும்பை அவை கட்டிவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீர், சேரவேண்டிய இரும்பிற் பாதிக்கு மேற்பட்டதைத் தடுத்துவிடக்கூடும். விற்றமின் சி இதற்கு மாறானது. தேசிக்காய், கொய்யா, நெல்லி, தோடை முதலியவற்றிலுள்ள இச்சத்து, கட்டுண்ட இரும்பை அவிழ்த்து, குடல் கவரத்தக்க நிலைக்குக் கொண்டுவருகின்றது.

குளிசை உண்ணும் முறை

குருதிச்சோகைக்கு இரும்பு உப்பைக் குளிசையாகக் கொடுக்கும் முறையை 1832 ஆம் ஆண்டிற் பிரசித்தமாக்கியவர் பியேர் பிளோ என்னும் பிரெஞ்சு வைத்தியர். இன்றும் பெரிதும் வழங்குவது அதேயினத்தைச் சேர்ந்த பெரசுச் சல்பேற்று, பெரசுப் பியூமரேற்று ஆகியவையே. பசளைப் பையின் நிறை வேறு, அதிலுள்ள சத்தின் நிறை வேறு என்பதைக் கமக்காரர் அறிவர். 50 கிலோ யூரியாவில் உள்ள நைதரசன் 23 கிலோவே. அதுபோல, 200 மில்லிகிராம் பெரசுச் சல்பேற்றுக் குளிசையில் உள்ள இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம் ஆகும். எனவே ஒருவருடைய குளிசையை மற்றொருவருடையதோடு ஒப்பிட்டு அளவைத் தாமே கூட்டுதலும் குறைத்தலும் கூடா.

1. வெறும் வயிற்றில், அதாவது உணவுக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் அல்லது இரண்டு மணித்தியாலம் பின்னர், நீருடன் விழுங்குவதே சிறந்தது. சிறிது தேசிக்காய் நீருடன் உண்ணலும் நன்று. இவ்வாறு உண்பதாற் குமட்டல் ஏற்படுவோர் உணவுக்குப் பின்னரோ படுக்கைக்குப் போகும் வேளையிலோ உண்ணலாம். இரும்பு சற்றுக் குறைவாகச் சேரினும், குளிசையை முற்றாக விடுவதிலும் அது மேலானது.

2. தேநீர், கோப்பி, பால் ஆகியவற்றுடன் குளிசையை விழுங்குதல் ஆகாது. முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமேனும் இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் கல்சியக் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒரே நேரத்தில் உண்ணலாகாது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் உண்க. நெஞ்செரிவு மருந்துக்கும் இவ்விதி பொருந்தும்.

3. ஒருநாள் மறந்தால், மறுநாள் இரண்டாக உண்ணுதல் வேண்டா. ஒருமுறை இரும்பு உண்டபின், ஏறத்தாழ ஒரு நாள் வரைக்கும் குடல் தன் வாயிலைச் சற்றே மூடிக்கொள்ளும். இருமடங்கு உண்டால் இருமடங்கு சேர்வதில்லை. வயிற்றுக் கோளாறே மிகும். இதனாலேயே சிலருக்கு வைத்தியர் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணுமாறு கூறுவதும் உண்டு.

4. மலம் கறுப்பாகப் போகும். சேராது எஞ்சிய இரும்பின் நிறமே அது, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மலம் தார்போல ஒட்டும் தன்மையும் கடும் நாற்றமும் உடையதாயின் அது குருதிக் கசிவாகலாம். உடனே வைத்தியரிடம் செல்க. மலச்சிக்கலுக்கு நீரும் இலைக்கறியும் பழமும் கூடுதலாக உண்க. குமட்டல் தாங்கமுடியாதாயின் குளிசையை எறிந்துவிடாது, உத்தியோகத்தரிடம் கூறினால் வேறு வகையோ அளவோ தரப்படும்.

5. குளிசையை இடையில் நிறுத்தலாகாது. உண்ணத் தொடங்கி 7 முதல் 10 நாட்களிற் புதிய செங்குழியங்கள் குருதியிற் கூடத்தொடங்கும். மூன்று நான்கு கிழமைகளில் ஈமோகுளோபின் 1 கிராமேனும் உயரும், களைப்பும் குறையும். பலர் இவ்விடத்திலேயே குளிசையைக் கைவிடுகின்றனர். வாய்க்காலில் நீர் ஓடத் தொடங்கிவிட்டதெனக் கண்டு, குளம் நிரம்பும் முன் மழை போதுமென்பது போன்றது இது. ஈமோகுளோபின் இயல்புநிலை அடைந்த பின்னரும் ஏறத்தாழ மூன்று மாதம் உண்டாலன்றிச் சேமிப்பு நிரம்பாது. அடுத்த கருப்பத்திலோ அடுத்த போகத்திலோ நோய் மீளும். நான்கு கிழமை ஒழுங்காக உண்டும் ஈமோகுளோபின் உயராவிடின், காரணம் வேறாகலாம். மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

போலிக் அமிலமும் விற்றமின் பி 12 உம்

செங்குழியம் உருவாவதற்கு இரும்பு மாத்திரம் போதாது. 1931 ஆம் ஆண்டில் லூசி வில்சு என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், பம்பாயிலே கர்ப்பிணிகளிடத்துக் காணப்பட்ட ஒருவகைக் குருதிச்சோகை மதுவத்தின் சாரத்தால் மாறுவதைக் கண்டு வெளியிட்டார். நம் நாட்டுக் கடைகளிலும் விற்கப்படும் மாமைற் அத்தகைய சாரமே. அதிலிருந்த சத்துப் போலிக் அமிலமென்பது பின்னர் தெளிவாயிற்று. 1941 ஆம் ஆண்டிற் பசளைக்கீரை போன்ற ஓரிலைக்கறியிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டமையால், இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். பச்சை இலைகளிலும் பயறுவகைகளிலும் இச்சத்து உண்டு. நெடுநேரம் அவித்தால் அழியும். கர்ப்பிணிகளுக்கு இரும்புடன் போலிக் அமிலமும் வழங்குவது இதனாலேயாகும். குழந்தையின் முள்ளந்தண்டு செவ்வனே அமைவதற்குக் கருவுற்ற முதற் கிழமைகளிலேயே இது வேண்டப்படுதலால், கருவுற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே குடும்பநல உத்தியோகத்தரிடம் இதனைப் பெற்றுக்கொள்க.

1948 ஆம் ஆண்டிற் பிரித்தெடுக்கப்பட்ட விற்றமின் பி 12 இயற்கையில் மீன், முட்டை, பால், இறைச்சி போன்ற விலங்குணவுகளிலேயே கிடைக்கும். இது குறைந்தால் குருதிச்சோகையுடன் கை கால் விறைப்பும் உண்டாகும். மரக்கறி உணவே உண்போர் பால், தயிர் ஆகியவற்றைத் தவறாது சேர்த்தல் வேண்டும்.

கசிவை அடைத்தல்

குளக்கட்டில் உடைப்பு இருக்க, மேலும் நீர் விடுதலாற் பயனில்லை. கமக்குடும்பங்களில் இரும்பு கசியும் வழிகளுள் ஒன்று கொழுக்கிப்புழு. இது குடலிற் கடித்துத் தொங்கிக் குருதியை உறிஞ்சும். ஒரு புழு உறிஞ்சுவது சிறிதேயாயினும், நூற்றுக்கணக்கிற் பெருகினால் நாள்தோறும் இழப்பு மிகும். இதன் முட்டை மனித மலத்துடன் வெளியேறி, ஈரமும் நிழலும் காற்றோட்டமும் உள்ள மண்ணிற் பொரிக்கின்றது. குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுகின்றது. காய்ந்த வெயில் மண்ணிலும் நீர் தேங்கி நிற்கும் இடத்திலும் அது நெடுநாள் வாழாது. வாழை, வெற்றிலை, மரக்கறிப் பாத்திகளின் ஓரங்களும் வேலியோரப் பற்றைகளுமே அதற்கு உகந்த இடங்கள்.

ஆதலால், மலசலகூடத்தையன்றி வேறிடத்தை எவரும் பயன்படுத்தலாகாது. தொலைவிலுள்ள வயலிலும் சேனையிலும் வேலை செய்வோருக்கும் குழி மலசலகூடம் ஒன்று அமைத்தல் வேண்டும். தோட்டத்தில் இறங்கும்போது செருப்பு அணிக. பூச்சி மருந்தைக் குடும்பத்தார் அனைவரும் ஒரே காலத்தில் உண்க. கர்ப்பிணிகள் இதனை முதல் மூன்று மாதம் கழிந்த பின்னர், உத்தியோகத்தரின் அறிவுரைப்படியே உண்ண வேண்டும்.

தோட்டத்திலிருந்து கிடைப்பது

நோயை மாற்றுவது குளிசை. மாறியதை நிலைநிறுத்துவது உணவு. முற்றிய சோகையை இலைக்கறியால் மாத்திரம் மாற்ற முயன்று காலத்தைப் போக்கலாகாது. செந்நிறம் உடையதெல்லாம் குருதியைப் பெருக்கும் என்பதும் சரியன்று; பீற்றூட்டின் நிறம் இரும்பினால் வந்ததன்று.

வேலியில் முருங்கையும் அகத்தியும், கிணற்றடி வாய்க்காலோரம் பொன்னாங்காணியும், நிழலான ஈரத்தில் வல்லாரையும், ஒரு பாத்தியில் முளைக்கீரையும் வைத்தால் ஆண்டு முழுவதும் இலைக்கறிக்குக் குறைவிராது. நெல் அறுத்த வயலிற் பயறு, கௌபீ, உழுந்து ஆகியவற்றை விதைத்தால் மண்ணும் வளம்பெறும்; வீட்டுக்கும் உணவாகும். பயற்றை ஊறவைத்து முளைக்கச் செய்தால், இரும்பைக் கட்டிவைக்கும் பொருள் குறையும். இலையைக் கழுவிய பின்னரே அரிக. வறையை அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுக. நெத்தலிக் கருவாடோ மீனோ சிறிது சேர்த்தால், அதனுடன் உண்ணும் இலைக்கறியின் இரும்பும் நன்கு சேரும். சாப்பாட்டின் பின் ஒரு கொய்யாப்பழம் உண்க. தேநீரை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்க. கிடைக்கும் மீனையும் முட்டையையும் ஆடவருக்கும் விருந்தினருக்கும் பரிமாறிவிட்டுத் தாய் இறுதியில் எஞ்சியதை உண்ணும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவ்வீட்டில் இரும்பு மிகுதியாக வேண்டப்படுபவள் அவளே என்பதைக் குடும்பத்தலைவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

மிகையும் தீது

இரும்பு மிகுந்தால் பயிர் படும் பாட்டை நம் நாட்டுக் கமக்காரர் அறிவர். ஈரவலயத்து வடிகாலற்ற வயல்களில் நெல்லின் இலை வெண்கல நிறமாகிக் கருகுவது, கரைந்த இரும்பு மிகுதியாலென 1955 ஆம் ஆண்டில் விஞ்ஞானி பொன்னம்பெருமாவும் அவருடன் ஆராய்ந்தோரும் எடுத்துக்காட்டினர். மனித உடலுக்கும் இரும்பின் மிகை நஞ்சே. இனிப்புப்போலத் தோன்றும் இக்குளிசைகளில் ஒரு கைப்பிடியைச் சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கு ஆபத்து நேரும். ஆதலாற் குளிசைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டியில் வைக்க. குழந்தை விழுங்கிவிட்டதெனச் சந்தேகம் தோன்றினும், அறிகுறியை எதிர்பார்த்து நில்லாது, எஞ்சிய குளிசைகளையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. களைப்பும் வெளிறலும் கண்டால் முதலிற் குருதியைப் பரிசோதிப்பிக்க.
2. குளிசையையும் தேநீரையும் ஒன்றாக உண்ணற்க.
3. சுகம் கண்டவுடன் நிறுத்தற்க. சேமிப்பு நிரம்பும்வரை, வைத்தியர் சொன்ன காலம் முழுவதும் உண்க.
4. மலசலகூடம், செருப்பு, பூச்சி மருந்து ஆகிய மூன்றாலும் கொழுக்கிப்புழுவைத் தடுக்க.
5. நாள்தோறும் இலைக்கறியையும் பயற்றையும், விற்றமின் சி உள்ள புளியுடனோ பழத்துடனோ உண்க.
6. குளிசையைக் குழந்தைகளுக்கு எட்டாது வைக்க.

பரிசோதனைக்கும் குளிசைக்கும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையோ அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலையையோ நாடுக. மலசலகூடம் அமைத்தல் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், வீட்டுத்தோட்டத்துக்குரிய விதையும் நாற்றும் பற்றி விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டறிக. அடுத்த போகத்துக்கு விதைநெல்லை ஆயத்தஞ்செய்யும் நாட்களிலேயே, வீட்டார் அனைவரினதும் குருதியைப் பரிசோதிப்பித்துக்கொள்வீராயின், வேலை மும்முரமாகும் காலத்தில் அதன் பயனைக் கண்கூடாகக் காண்பீர்கள்.